மண்ணோடு தூக்கிய மரம்

அந்த மின்னஞ்சலில் கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல் இருந்தது. கடப்பாரை, மடக்கு ரம்பம், கவாத்துக் கத்தரி, பழைய சாக்கு, சணல் கயிறு, பிளாஸ்டிக் சுற்று. ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர், அதில் நான்கு உங்களுக்கு, ஆறு மரத்துக்கு. கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: "ஒருவருக்கு ஒரு மரம்தான். ஒன்றும் எடுக்காமல் திரும்பினாலும் அது நல்ல நாளே."

அந்தக் கடைசி வரி எனக்குப் புரியவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டி, வெறுங்கையோடு திரும்புவது எப்படி நல்ல நாளாகும்?

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. எங்கள் பகுதி போன்சாய் கிளப்பில் நான் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பகலெல்லாம் கணினித் திரையைப் பார்க்கும் வேலை. கையில் மண் படுகிற மாதிரி ஏதாவது செய்யலாமே என்றுதான் சேர்ந்தேன். வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், கிளப்பில் இருபது பேர் சேர்ந்து மொஹாவி பாலைவனத்துக்குப் போய் மரம் தோண்டி எடுத்து வருவார்கள். அதற்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல் உண்டு: யாமாடோரி. யாமா என்றால் மலை, டோரி என்றால் எடுப்பது. மலையிலிருந்து எடுத்த மரம்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்து வரலாற்று வகுப்பில் சோழர்களையும் பல்லவர்களையும் படித்திருப்பீர்கள். இன்று நான் சொல்லப்போகும் வரலாறு நம்முடையது இல்லை. ஆனால் அதில் வரும் முக்கியமான ஆட்கள் எல்லோரும் இரண்டாம் தலைமுறைக்காரர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கலைத்துவிடுகிறேன். போன்சாய் என்பது ஒரு வகைக் குட்டை மரத்தின் பெயர் கிடையாது. பொன் என்றால் ஆழமில்லாத தொட்டி, சாய் என்றால் நடுவது. எந்த மரத்தையும் தொட்டியில் நட்டு, வேரையும் கிளையையும் கவனமாக வெட்டி வெட்டி வளர்த்தால் அது போன்சாய். இந்த யோசனை சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. கி.பி. 706இல் கட்டிய ஒரு தாங் வம்ச இளவரசனின் கல்லறைச் சுவரில், தட்டில் வைத்த சின்னஞ்சிறு செடியையும் கற்களையும் பணியாள் ஒருவர் ஏந்திப் போகிற ஓவியம் இருக்கிறது. ஜப்பானில் 1309ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சுருள் ஓவியத்திலும் தொட்டி மரங்கள் உண்டு.

விதையிலிருந்து வளர்த்தால் என்ன? வளர்க்கலாம். ஆனால் நூறு வயது மரம் வேண்டும் என்றால் நூறு வருடம் காத்திருக்க வேண்டும். மலைப் பாறை இடுக்கில் காற்றும் பனியும் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்து வைத்திருக்கின்றன. பாறைப் பிளவில் ஒரு கைப்பிடி மண்ணில் வேர்விட்ட மரம், நூறு வருடம் ஆனாலும் இடுப்பு உயரம் தாண்டாது. தண்டு மட்டும் முறுக்கிக்கொண்டு தடிக்கும். அதைப் பெயர்த்துக் கொண்டுவந்து தொட்டியில் பிழைக்க வைத்துவிட்டால், காலத்தையே சுருக்குவழியில் வாங்கின மாதிரி.

இந்தச் சுருக்குவழிக்கு ஒரு விலை இருந்தது. ஜப்பானின் ஷிகோகு தீவில் இஷிசுச்சி என்று ஒரு மலை. அங்கே ஷிம்பாக்கு என்ற ஜூனிபர் மரம் செங்குத்தான பாறைகளில் தொற்றிக்கொண்டு வளரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மரங்களுக்குப் பெரிய விலை கிடைக்க ஆரம்பித்தது. தோண்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் கயிறு கட்டிப் பாறையில் இறங்கினார்கள். கயிறு அறுந்து, கால் வழுக்கி இறந்தவர்களும் உண்டு. இஷிசுச்சியில் நல்ல மரங்கள் அருகிப் போனதும், நிகாட்டா மாகாணத்தின் இதோய்காவா பகுதிச் சுண்ணாம்புப் பாறைகளுக்குப் போனார்கள். அங்கேயும் அதே கதைதான். இன்று உலகம் முழுக்க விற்கிற இதோய்காவா ஜூனிபர்களில் மிகப் பெரும்பாலானவை குச்சியை வெட்டி நட்டு வளர்த்தவை. மலையில் எடுக்க மரம் மிச்சமில்லை.

ஒருவருக்கு ஒரு மரம் என்ற விதி எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது புரிகிறது இல்லையா? அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. கடப்பாரை வாங்கியாகிவிட்டது, அவ்வளவுதான்.

கடப்பாரைக்கும் ஒரு கதை உண்டு. அதைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் ராமநாதபுரம் பக்கம் வளர்ந்தவர். சின்ன வயதில் சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்டி எறிவதே அவர்கள் வீட்டில் ஒரு வேலை. "நாங்க சாகடிக்கத் தோண்டுவோம், நீ பொழைக்க வைக்கத் தோண்டப் போறியா? போடா, போடா" என்றார். பிறகு, கேட்காமலே என் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பாலைவனம் என்றதும் மணல் மேட்டையும் ஒட்டகத்தையும் நினைத்துவிடாதீர்கள். மொஹாவியின் மேற்கு ஓரத்தில், டெஹாச்சப்பி மலைகள் இறங்கிவரும் இடத்தில், கல், காய்ந்த புல், முட்புதர், நடுநடுவே கலிபோர்னியா ஜூனிபர். குளிர்காலக் காலையில் காற்று காதைக் கிழிக்கும். ஒரு பண்ணைக்காரருடைய நிலம் அது. எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். தேசியப் பூங்காக்களுக்குள் ஒரு செடியைத் தொட்டாலும் குற்றம். மற்ற அரசு நிலங்களில் முறையான அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுக்க முடியாது. தனியார் நிலத்தில் கேட்காமல் எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு. பக்கத்திலேயே நிற்கும் ஜோஷுவா மரத்தை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. 2023இல் மேற்கத்திய ஜோஷுவா மரத்துக்கென்றே கலிபோர்னியா தனிச் சட்டம் போட்டுவிட்டது.

குழுவை நடத்தியவர் ஒரு ஜப்பானிய அமெரிக்க அம்மா. எழுபத்தைந்தைத் தாண்டிய வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம். அவர் கையில் கடப்பாரை இல்லை. இரண்டு அடி நீள இரும்புக் கம்பி ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் அந்தக் கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தார். அரை அடியில் பாறை தட்டினால் முகம் மலரும். கம்பி சரசரவென்று உள்ளே இறங்கிவிட்டால் அடுத்த மரத்துக்கு நடந்துவிடுவார்.

காரணம் எளிது. ஆழமான மண்ணில் நிற்கும் ஜூனிபர், தண்ணீரைத் தேடி ஒன்றிரண்டு தடித்த வேர்களை எங்கோ தூரத்துக்கு அனுப்பியிருக்கும். தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களெல்லாம் அந்தத் தூரத்து நுனியில்தான். தண்டுக்கருகே வெட்டினால் கையில் கிடைப்பது விறகு. மெல்லிய மண்ணுக்கடியில் பாறைத் தட்டு இருந்தால், வேர் போக வழியில்லாமல் அங்கேயே பாய் மாதிரிப் பின்னிக்கிடக்கும். அந்தப் பாயை மண்ணோடு தூக்கினால் மரம் பிழைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்றும் காட்டினார். கலிபோர்னியா ஜூனிபரின் தண்டில் பாதி செத்து, எலும்பு மாதிரி வெளுத்திருக்கும். மீதிப் பாதியில் ஒரு சிவந்த பட்டை கயிறு மாதிரிச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். வறட்சியில் ஒரு வேர் செத்தால், அந்த வேர் ஊட்டிவந்த தண்டுப் பகுதி மட்டும் சாகும். மிச்சப் பகுதி தன் வேரை நம்பி வாழும். எந்தப் பட்டை எந்த வேரிலிருந்து வருகிறது என்று விரலால் தடவிக்கொண்டே கீழே வரவேண்டும். தவறான வேரை வெட்டினால் ஒரு பக்கம் முழுதும் போய்விடும்.

நாங்கள் சர்வர்களை இடம் மாற்றும்போது எது எதை நம்பியிருக்கிறது என்று முதலில் ஒரு வரைபடம் போடுவோம். போடாமல் கேபிளைப் பிடுங்கியவர்கள் கதை எங்கள் தொழிலில் நிறைய உண்டு. ஆனால் எங்களுக்கு நேற்றைய பிரதி ஒன்று எங்காவது இருக்கும். மரத்துக்கு அது கிடையாது.

ஜப்பானிலிருந்து வந்த கலை, ஜப்பானில் வளராத ஒரு மரத்தை ஏன் பிடித்துக்கொண்டது? இதற்குள்தான் வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவுக்கு வந்த முதல் தலைமுறை ஜப்பானியர்களை இஸ்ஸேய் என்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நிஸேய், இரண்டாம் தலைமுறை. இஸ்ஸேய்க்கு அப்போதைய சட்டப்படி குடியுரிமை கிடையாது. 1913இல் கலிபோர்னியா கொண்டுவந்த சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது. 1924இல் ஜப்பானிலிருந்து குடியேறும் கதவையே மூடினார்கள். பலர் தோட்டவேலைக்கும் நாற்றுப் பண்ணைக்கும் போனார்கள். ஊரிலிருந்து மரம் கொண்டுவரலாம் என்றால் அதிலும் சிக்கல். 1919இல் நடைமுறைக்கு வந்த 37ஆம் எண் தாவரத் தடுப்பு உத்தரவு, வெளிநாட்டுச் செடிகள் வருவதை மிகவும் இறுக்கியது. மண்ணோடு செடி உள்ளே வரக்கூடாது. பூச்சியும் நோயும் வரும் என்பது காரணம். காரணம் பொய்யில்லை. ஆனால் பழைய போன்சாயின் வேரிலிருந்து மண்ணையெல்லாம் உதறிக் கப்பலில் ஏற்றினால் அது கரை சேர்வது அதிர்ஷ்டம்தான்.

இந்த மாதிரித் தடை நம் வீட்டுக்கும் ஒன்று உண்டு. எங்கள் அம்மாவின் கறிவேப்பிலைச் செடியை யாரும் கவுண்டி எல்லை தாண்டித் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற ஒரு சிறு பூச்சிக்குக் கறிவேப்பிலை மிகவும் பிடிக்கும். அந்தப் பூச்சி கலிபோர்னியாவில் 2008இல் தென்பட்டது. நோயே 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு வீட்டு மரத்தில் வந்துவிட்டது. சான் ஹோசேயில் இருக்கும் சித்தி ஒரு கன்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

சரி, கதைக்கு வருவோம். 1942 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடுகளைவிட்டு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள், இங்கேயே பிறந்தவர்கள். கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துவரலாம் என்று உத்தரவு. சில குடும்பங்களுக்கு ஒரு வாரம்கூடக் கொடுக்கவில்லை.

தொட்டி மரம் வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம். பாத்திரம் பண்டத்தைத் தேவாலயத்திலோ கோவிலிலோ போட்டு வைக்கலாம். தொட்டி மரத்துக்குக் கோடையில் தினம் தண்ணீர் வேண்டும். ஒரு வாரம் தவறினால் முடிந்தது. அந்த அம்மாவின் தந்தையிடம் ஊரிலிருந்து வந்த கறுப்பு பைன் ஒன்று இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் நல்லவர், ஒரு வருடம் தண்ணீர் ஊற்றினார். பிறகு அவருக்கே வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது.

பிழைத்த மரமும் உண்டு. 1915இல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்காக ஜப்பானிலிருந்து வந்த ஒரு மூவிலை மேப்பிள், டொமோட்டோ என்ற நாற்றுப்பண்ணைக் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. குடும்பம் முகாமுக்குப் போனபோது அது மரப்பெட்டியில் நின்றிருந்தது. பெட்டியின் அடியைத் துளைத்து வேர் தரைக்குள் இறங்கிவிட்டதால் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே உயிர் பிழைத்தது. இன்று வாஷிங்டன் மாநிலத்தில் ஃபெடரல் வே ஊரிலுள்ள பசிபிக் போன்சாய் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

நாங்கள் தோண்டிய இடத்திலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே இன்னும் இரண்டு மணி நேரம் போனால் மன்சனார். பத்து முகாம்களில் ஒன்று. உச்சத்தில் பத்தாயிரம் பேர் அங்கே அடைபட்டிருந்தார்கள். அந்த அம்மா பிறந்தது அங்கேதான், 1943இல். ஒவ்வொரு வருடமும் தோண்டும் நாள் முடிந்ததும் எல்லோரும் தெற்கே வீட்டுக்குத் திரும்ப, அவர் மட்டும் வடக்கே போவார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அடுத்த வருடம் நான் கேட்டேன், நானும் வரலாமா என்று. "காருக்குப் பெட்ரோல் நீ போடு" என்றார்.

மன்சனாரைப் பற்றி ஒரு பாரா தனியாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கு ஸ்பானிஷ் மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள். முகாமுக்கு முன் அங்கே பழத்தோட்ட ஊர் ஒன்று இருந்தது. 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்தது. 1920களில் நிலத்தையும் தண்ணீர் உரிமையையும் வாங்கிக்கொண்டே போனது, ஊர் காலியானது. அதற்கும் முன்னால் அது பையூட் மக்களின் இடம். 1863இல் ராணுவம் அவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரைத் தெற்கே டெஹோன் கோட்டை வரைக்கும் நடத்திக் கொண்டுபோனது. ஆக, ஒரே இடத்திலிருந்து பையூட் மக்களைத் துரத்தினார்கள், பழத்தோட்டக்காரர்களை வெளியேற வைத்தார்கள், பிறகு வேறு இடத்திலிருந்து பெயர்த்தவர்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். நாங்கள் தோண்டிய டெஹாச்சப்பி பக்கமும் அப்படித்தான். அது கவாயிசு மக்களின் மண். அந்த ஜூனிபரின் காய் அவர்களுக்கு உணவு. பண்ணைக்காரரிடம் வாங்கிய அனுமதிச் சீட்டில் இதெல்லாம் இல்லை.

அடைக்கப்பட்டவர்கள் முதல் கோடையிலேயே தோட்டம் போட ஆரம்பித்தார்கள். காவலோடு வெளியே போய்ப் பாறையும் மரமும் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பதற்காகக் குளம் வெட்டினார்கள். கவனிப்பில்லாமல் நின்ற பழைய ஆப்பிள், பேரி மரங்களைக் கவாத்து செய்து மறுபடி காய்க்க வைத்தார்கள். முகாமின் பெரிய தோட்டத்துக்குக் குயிச்சிரோ நிஷி என்பவர் வடிவம் கொடுத்தார். போர் முடிந்து 1945 நவம்பரில் முகாம் மூடியதும் எல்லாவற்றையும் மணல் மூடியது. பல வருடம் கழித்துத் தேசியப் பூங்காத் துறையின் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, குளத்தின் கல் விளிம்பும் பாலமும் வெளியே வந்தன.

நாங்கள் போனது மாலை நான்கு மணிக்கு. வறண்ட குளத்தைச் சுற்றி அந்த அம்மா ஒரு முறை நடந்தார். ஒரு பேரி மரத்தடியில் தண்ணீர் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றினார். மரத்துக்கென்று கொண்டுவந்த ஆறு லிட்டரில் மிச்சம் அது. அந்த வருடம் அவரும் எதுவும் எடுக்கவில்லை.

இனி, பாலைவன ஜூனிபரை இந்தக் கலைக்குள் கொண்டுவந்தவர்கள். ஜான் நாகா 1914இல் கொலராடோவில் ஃபோர்ட் லப்டன் என்ற ஊரில் பிறந்தார். எட்டு வயதில் குடும்பத்தோடு ஜப்பான் போய், தாத்தாவிடம் மரம் வளர்க்கக் கற்றார். இருபத்தொரு வயதில், 1935இல், அமெரிக்கா திரும்பினார். இங்கே பிறந்து அங்கே படித்துத் திரும்பியவர்களை கிபேய் என்பார்கள். இரண்டு பக்கமும் சந்தேகமாகப் பார்க்கும் கூட்டம் அது. ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுப் படிக்கவைத்துப் பிறகு கூட்டிவந்த அண்ணன் அக்கா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

கொலராடோ அந்த வெளியேற்றப் பகுதிக்குள் வராததால் நாகா முகாமுக்குப் போகவில்லை. 1946இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து தோட்டக்கலை வேலை பார்த்தார். 1950 நவம்பரில் இன்னும் நான்கு பேருடன் சேர்ந்து ஒரு போன்சாய் கிளப் ஆரம்பித்தார். கலிபோர்னியா போன்சாய் சொசைட்டி என்று பின்னாளில் பெயர் பெற்றது அதுதான். யோசித்துப் பாருங்கள்: முகாம்கள் மூடி ஐந்தே வருடம். ஜப்பானியப் பெயரை வெளியே சொல்லவே பலர் தயங்கிய காலம். அந்த நேரத்தில் வந்த யாருக்கும், எந்த இனத்தவருக்கும், ஆங்கிலத்தில் வகுப்பெடுத்தார் நாகா. 1973இலும் 1982இலும் அவர் எழுதிய இரண்டு பாடநூல்களும் இன்றும் என் மேசையில் இருக்கின்றன.

நாகாவின் வட்டத்தில் ஹாரி ஹிராவோ என்று ஒருவர். அவரும் கொலராடோவில் பிறந்தவர், அவரும் தோட்டத் தொழிலாளி. 'மிஸ்டர் கலிபோர்னியா ஜூனிபர்' என்றுதான் அவரை அழைப்பார்கள். ஆட்களைக் கூட்டம் கூட்டமாக மொஹாவிக்கு அழைத்துப்போய், எதைத் தோண்டலாம், எதைத் தோண்டக் கூடாது என்று காட்டியவர். எங்கள் குழுவை நடத்திய அம்மா கம்பியால் குத்திப் பார்க்கும் பழக்கம் அந்த மாதிரிப் பயணங்களில் வந்தது.

ஜப்பானில் இருந்த ஷிம்பாக்குவுக்குப் பதிலாக ஏதோ ஒரு மாற்று என்று யாரும் இப்போது இந்த மரத்தைச் சொல்வதில்லை. சான் மரினோவில் ஹன்டிங்டன் தோட்டத்தில் இந்த ஜூனிபர்கள் வரிசையாக நிற்கின்றன, போய்ப் பாருங்கள். வெளுத்த கட்டையில் பாலைவனத்துக் காற்று வீசிய திசை தெரியும். ஜப்பானிலிருந்து பார்வை வந்தது, மரமும் அதன் தழும்பும் இந்த ஊருடையவை. நம் மொழியையும் சமையலையும் அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொண்டால்தான் காப்பாற்றியதாகும் என்று நினைக்கும் பெரியவர்களிடம் எனக்கு இந்த மரங்களைக் காட்ட ஆசை. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நாகாவும் ஹிராவோவும் அடிப்படையைக் கரைத்துக் குடித்தவர்கள். கற்காமல் மாற்றியவர்கள் இல்லை. வாட்ஸாப்பில் தமிழ் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் எனக்கும் உங்களுக்கும் இந்த இரண்டாவது பாதி கொஞ்சம் உறுத்தும்.

நாகாவின் புகழ்பெற்ற படைப்பு பாலைவனத்தில் தோண்டியது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோஷின் என்று பெயர், ஆன்மாவைக் காப்பவர் என்று பொருள். பதினொரு ஜூனிபர்கள் சேர்ந்த ஒரு சிறு காடு, பதினொரு பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு மரம். 1984இல் அதை நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். வாஷிங்டன் தலைநகரிலுள்ள தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. அதே அருங்காட்சியகத்தில் 1625 முதல் தொட்டியில் வாழும், ஹிரோஷிமா அணுகுண்டுக்கும் தப்பிய ஒரு வெள்ளைப் பைன் உண்டு. 1976இல் ஜப்பான் பரிசாக அனுப்பிய 53 மரங்களில் ஒன்று. கொடுத்தவர் ஹிரோஷிமாவைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. 2001இல் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அருங்காட்சியகத்துக்கே தெரிந்தது.

என் முதல் மரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

முதல் நாள் நான் ஒரு மரம் எடுத்தேன். நல்ல மரம். அப்பாவும் நானும் மூன்று மணி நேரம் குனிந்து தோண்டினோம். வேர்ப்பாயை ஈரச் சாக்கில் சுற்றி, கயிறு கட்டி, பிரசவித்த பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவருவது மாதிரி காரில் வைத்துக் கொண்டுவந்தோம். மரப்பெட்டியில் பியூமிஸ் என்ற எரிமலை நுரைக்கல்லை நிரப்பி அதில் வைத்தேன். தண்ணீர் தேங்காது, வேருக்குக் காற்றும் கிடைக்கும். அந்த அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "மூன்று வருடம் தொடாதே. கிளையை வெட்டாதே, கம்பி சுற்றாதே, பெட்டியைத் திறந்து பார்க்காதே." இலை இருந்தால்தான் புது வேருக்குச் சாப்பாடு.

எட்டு மாதம் பச்சைப்பசேல் என்று இருந்தது. படமெடுத்துப் போட்டேன், பாராட்டு குவிந்தது. ஒன்பதாவது மாதம் எனக்குப் பொறுமை போய்விட்டது. கிளைகளைக் கொஞ்சம் வடிவாக்கலாம் என்று பாதி இலையை வெட்டி, கம்பி சுற்றினேன். வேர் எப்படி இருக்கிறது என்று ஒரு பக்கம் பலகையைக் கழற்றியும் பார்த்தேன். அப்போதும் பச்சைதான். ஜூனிபரின் குணம் அது. வேர் செத்த பிறகும் பல மாதம் பச்சையாகவே நிற்கும். அடுத்த கோடையில் ஒரே மாதத்தில் துருப்பிடித்த மாதிரி ஆனது.

பாறை இடுக்கில் என் தாத்தாவுக்கு முன்பிருந்தே நின்ற மரமாக இருந்திருக்கும். என் ஒன்பது மாத அவசரத்தில் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. செத்த மரத்தைப் பெட்டியோடு இன்னும் பின்கட்டில்தான் வைத்திருக்கிறோம். அம்மா அதன்மேல் துண்டு காயப்போடுகிறார்.

இரண்டாவது வருடம் எதுவும் எடுக்கவில்லை, மன்சனார் போனேன். மூன்றாவது வருடம் எடுத்தது இப்போது மூன்று வருடம் ஆகிப் பெட்டியில் பிழைத்திருக்கிறது. நான் தொடவில்லை. நான்காவது வருடம் ஒரு அற்புதமான மரம் கண்ணில் பட்டது. தண்டு இரண்டு சுற்று சுற்றி, உயிருள்ள பட்டை ஒரு விரல் அகலம்தான். கம்பியைக் குத்தினேன், தட்டவில்லை. சந்தேகம் தீர கையால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வேர், என் மணிக்கட்டுத் தடிமன், பாறைப் பிளவுக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய வேர் ஒன்றுகூட இல்லை. மண்ணை மூடி, மிதித்து, ஆறு லிட்டர் தண்ணீரையும் அங்கேயே ஊற்றிவிட்டு வந்தேன்.

பாலைவனம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். இந்தியாவில் போன்சாய் வளர்ப்பவர்களில் பலர் மலைக்குப் போவதில்லை. பழைய கட்டடங்களின் சுவரிலும் மழைநீர்க் குழாய் ஓரத்திலும் முளைத்த ஆலும் அரசும்தான் அவர்களுடைய யாமாடோரி. வீட்டுக்காரர் எப்படியும் பிடுங்கி எறியப் போகிற கன்று அது. அதனால் அனுமதி கேட்டால் டீயும் கொடுத்து அனுப்புவார்.

இந்த வருட மின்னஞ்சல் போன வாரம் வந்தது. அதே பட்டியல், அதே தடித்த எழுத்துக் கடைசி வரி. அந்த அம்மா இனி நடந்து ஏற மாட்டார், அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் தம்பி, கூட வருகிறேன் என்கிறான். கடப்பாரையை அப்பா எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்துவிட்டார். தம்பிக்கு இரண்டு அடியில் ஓர் இரும்புக் கம்பி வாங்க வேண்டும்.